கண்ணாடிக் கூட்டில் பச்சோந்தி

பச்சோந்தி வளர்ப்பவர்கள் மத்தியில் வெகுகாலமாக ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கூட்டில் வைத்தால் நுரையீரலில் தொற்று வந்து செத்துப்போகும், வலைக் கூடு ஒன்றுதான் வழி என்று அமெரிக்க வளர்ப்பாளர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். அதே காலத்தில் ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் கண்ணாடிக் கூடுகளுக்குள் பச்சோந்திகள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்தன. இரு தரப்பாரும் தங்கள் வீட்டில் கண்டதைத்தான் சொன்னார்கள். வீடுகள்தான் வேறு வேறு.

ஃபுளோரிடாவில் ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்றே பச்சோந்திக்குப் போதுமான வெப்பமும் ஈரமும் கொண்டது. அங்கே நான்கு பக்கமும் வலை அடித்த கூட்டை முற்றத்தில் நிறுத்திவிட்டால் பாதி வேலையைப் பருவநிலையே பார்த்துக்கொள்ளும். ஜனவரி மாத பெர்லினில் கதை வேறு. வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். சூடேற்றிய அறையின் காற்று வறண்டு, ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அந்த அறையில் வலைக் கூடு வைத்தால் தெளித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். விளக்கின் சூடும் கூட்டில் தங்காமல் அறைக்குள் போய்விடும். சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைக்க அங்கே கண்ணாடி தேவைப்பட்டது.

அப்படியானால் அமெரிக்காவில் கண்ணாடிக்குக் கெட்ட பெயர் வரக் காரணம் என்ன? பலர் பயன்படுத்தியது பழைய மீன் தொட்டி. நான்கு பக்கமும் அடியும் அடைத்து, மேலே மட்டும் திறந்திருக்கும் பெட்டி அது. அதற்குள் காற்று நகராது. காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்து, மேலே சூடான விளக்கும் போட்டால், உள்ளே புழுக்கமான, அசையாத காற்று நாள் முழுக்க நிற்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது. பச்சோந்தியைக் கொன்றது அந்தத் தேங்கிய காற்று.

ஐரோப்பிய பாணிக் கண்ணாடிக் கூட்டின் அமைப்பைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முன்பக்கக் கதவுகளுக்குக் கீழே, கூட்டின் முழு அகலத்துக்கும், சில சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வலைப்பட்டை ஓடும். மேல்மூடி முழுவதும் வலை. மேலே விளக்கு எரியும்போது அங்குள்ள காற்று சூடாகி வலை வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்ப்பட்டை வழியே அறையின் குளிர்ந்த காற்று உள்ளே வரும். பழைய வீடுகளின் அடுப்பங்கரைப் புகைபோக்கி வேலை செய்வதும் இதே முறையில்தான். எக்ஸோ டெர்ரா போன்ற நிறுவனங்கள் விற்கும் கூடுகளில் இந்தப் பட்டை முன்பே அமைந்திருக்கும். உள்ளூரில் கண்ணாடிக்காரரிடம் சொல்லிச் செய்துகொள்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்; சொல்லாவிட்டால் அவர் மீன் தொட்டியைத்தான் செய்துதருவார்.

காற்று ஓடுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பச்சோந்தியைக் கொண்டுவருவதற்கு முன், வெறும் கூட்டில் விளக்குகளை ஒரு மணி நேரம் எரியவிட்டு, கீழ்ப்பட்டைக்கு வெளியே ஓர் ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை பட்டைக்குள் இழுக்கப்பட்டு, பின்சுவர் ஓரமாக ஏறி, மேல்வலையில் வெளியேறினால் கூடு சரி. பட்டையின் முன்னாலேயே புகை சோம்பலாகச் சுற்றினால் எங்கோ அடைப்பு இருக்கிறது. பெரும்பாலும் மண்ணை அளவுக்கு மீறிக் கொட்டிப் பட்டையை மூடியிருப்பார்கள். அல்லது ஈரம் போகக் கூடாதென்று மேல்வலையில் பாதிக்குமேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். விலங்கு உள்ளே வந்த பிறகு இந்தச் சோதனை கூடாது. புகை அதற்கு ஆகாது.

எந்த இனம் என்பது அடுத்த கேள்வி. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இரண்டைத்தான் சொல்ல முடியும். ஒன்று யேமன் பச்சோந்தி. யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது; தலையில் உயர்ந்த கொண்டை; ஆண் வால் உட்பட 45 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். மற்றது பாந்தர் பச்சோந்தி. மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களைச் சேர்ந்தது. அம்பிலோபேயில் பிறந்த ஆணின் உடலில் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாகக் கலந்திருக்கும்; நோசி பே தீவின் ஆண் நீலப்பச்சையாக இருக்கும். இரண்டும் வளர்ப்பு நிலையில் ஏராளமாகக் குஞ்சு பொரிப்பவை. ஆகவே காட்டில் பிடித்ததை வாங்க எந்த நியாயமும் இல்லை. காட்டிலிருந்து வந்தது ஒட்டுண்ணிகளோடும், பயணத்தில் வற்றிய உடலோடும்தான் வரும்.

வளர்ந்த ஆண் ஒன்றுக்கு 60 சென்டிமீட்டர் அகலம், 60 ஆழம், 120 உயரம் கொண்ட கூடு வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 45 சென்டிமீட்டர் கனசதுரம் குஞ்சுக்குச் சில மாதம் வரும், அவ்வளவுதான். ஒரு கூட்டில் ஒரு பச்சோந்தி. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் துணையாக இருக்கும் என்று நினைப்பது மனிதக் கணக்கு. இந்த விலங்கு தனிமையில் வாழ்வது. இணைசேரும் நேரம் தவிர மற்றொன்றைப் பார்த்தாலே அதற்குப் பதற்றம்தான்.

இங்கேதான் கண்ணாடியின் இன்னொரு சிக்கல் வருகிறது. வெளியே இருட்டாகவும் உள்ளே வெளிச்சமாகவும் இருக்கும்போது கண்ணாடியில் பச்சோந்தியின் உருவமே தெரியும். அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு ஆண் உடலைத் தட்டையாக விரித்து, நிறத்தை ஏற்றி, வாய் பிளந்து நிற்கும். பக்கச் சுவர்கள் இரண்டையும் பின்சுவரையும் கார்க் பட்டையாலோ கருநிறத் தாளாலோ மூடி, கிளைகளைக் கண்ணாடியிலிருந்து தள்ளி அமைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். முன்பக்கம் மட்டும் திறந்திருந்தால் போதும். கூட்டைத் தரையில் வைக்கக் கூடாது. மேலிருந்து குனிந்து பார்க்கும் எதையும் பச்சோந்தி பருந்தாகவே எடுத்துக்கொள்ளும். அதன் மேல்கிளை நிற்கும் மனிதரின் கண்ணுக்கு மேலே இருக்கும்படி ஒரு மேசையின் மேல் ஏற்றிவைப்பது நல்லது.

அடுத்தது ஈரம். கண்ணாடிக் கூட்டில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இதில்தான். மழைக்காட்டு விலங்கு என்று கேள்விப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். ஆனால் யேமன் மலைப்பகுதியின் பகல் வெயிலும் வறட்சியும் நிறைந்தது. இரவில் குளிர் இறங்கி, பனி படிந்து, விடியும்போது இலையெல்லாம் நனைந்திருக்கும். மடகாஸ்கர் கரையோரத்திலும் பகலைவிட இரவே ஈரமானது. செக் நாட்டு ஆய்வாளர் பெட்ர் நேச்சஸ் இந்த இரவு ஈரத்தின் முக்கியத்துவத்தைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவருகிறார்: தூங்கும் பச்சோந்தி மூச்சுக்காற்றில் இழக்கும் நீரைக் குளிர்ந்த மூடுபனி குறைக்கிறது. பகலில் 40 முதல் 60 சதவீதம், இரவில் 80க்கு மேல், அதோடு வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்க வேண்டும். குளிரும் ஈரமும் சேரலாம். சூடும் ஈரமும் தேங்கிய காற்றும் சேரக் கூடாது. பனி கிளப்பும் ஃபாகர் கருவியை நள்ளிரவுக்குப் பின் டைமரில் ஓடவிட்டு, விடியலில் நிறுத்திவிட வேண்டும். இரவிலும் 25 டிகிரிக்கு மேல் நிற்கும் அறையில் ஃபாகரைத் தொடவே வேண்டாம்.

விளக்கு எரிவதற்கு முன் ஓரிரு நிமிடம் நீர் தெளித்தால் இலைகளில் முத்து முத்தாகத் துளி நிற்கும். பச்சோந்தி தண்ணீர் குடிப்பதை அப்போது பார்க்கலாம். கிண்ணத்தில் அசையாமல் கிடக்கும் நீர் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. துளி மின்னி வழிவதை ஒரு கண் முதலில் கவனிக்கும். மறு கண் இன்னும் வேறு பக்கம் சுழன்றுகொண்டிருக்கும். பிறகு இரண்டும் துளியில் நிலைக்கும். தலையை மெல்ல நீட்டி, இலை நுனியில் வாயை வைத்து, தாடையை அசைத்து அசைத்து உள்ளே இறக்கும். சில நேரம் கால் மணி நேரம்கூட ஆகும். கதவைத் திறந்து அதைக் கலைக்கக் கூடாது. அதன்பின் பகலில் கூடு நன்றாகக் காய வேண்டும். மதியம்வரை கண்ணாடியில் நீர்த்திவலை மிச்சமிருந்தால் தெளிப்பு அதிகம், அல்லது காற்று போதவில்லை.

விளக்குகள் இரண்டு விதம்: வெப்பத்துக்கு ஒன்று, புற ஊதாக் கதிருக்கு ஒன்று. சன்னலோரம் கூட்டை வைத்தால் சூரிய ஒளி போதும் என்று நம்புபவர்கள் நிறைய. சன்னல் கண்ணாடியும் கூட்டின் கண்ணாடியும் புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் சூட்டை உள்ளே விட்டுத் தேக்கிவைக்கும். நேரடி வெயில் விழும் கண்ணாடிக் கூட்டில் பச்சோந்தி கொஞ்ச நேரத்திலேயே வெந்து சாகும். இதில் சமாதானத்துக்கே இடமில்லை: கண்ணாடிக் கூட்டின் மேல் வெயில் படவே கூடாது. வெயில் காட்ட வேண்டுமென்றால் நிழலும் செடியும் உள்ள வலைக் கூட்டில், ஆள் பக்கத்திலிருக்க, வெளியே வைக்கலாம்.

புற ஊதா பி இல்லாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேராது. எலும்பு மெலிந்து, கை கால் வளைந்து, தாடை ரப்பராகி, கடைசியில் கிளையைப் பற்றவே முடியாமல் போகும். வளர்ப்புப் பச்சோந்திகளை அதிகம் வாட்டும் நோய்களில் இது ஒன்று. வளைந்த எலும்பு திரும்ப நேராகாது. கூட்டின் நீளத்துக்கு ஈடான டி5 குழல்விளக்கு, 6 சதவீத வகை, மேல்வலையின் மீது இருக்கட்டும். அந்த விளக்குக்குக் கீழே வெயில்காயும் கிளையில் புற ஊதாக் குறியீடு 3 அளவில் இருந்தால் இரண்டு இனத்துக்கும் ஏற்றது. வலையின் நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்குக் கதிர்கூட அதிலேயே நின்றுவிடும் என்பதால், முடிந்தால் அளவுமானி வைத்துப் பார்ப்பதே சரி. விளக்கு பார்வைக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டில் அதன் புற ஊதா குறைந்துவிடும். மாற்றிய தேதியைக் குழலின் முனையில் எழுதிவைப்பவர்கள் ஏமாறுவதில்லை.

வெப்ப விளக்கு வலைக்கு மேலே ஒரு மூலையில் போதும். அதன் கீழ்க் கிளையில் 29 முதல் 31 டிகிரி, கூட்டின் அடியில் 23, 24. பச்சோந்தி தானே ஏறி இறங்கி வேண்டிய சூட்டைத் தேர்ந்துகொள்ளும். மேல்வலையில் தலைகீழாகத் தொங்குவது அதற்குப் பழக்கம். விளக்கு வலையை ஒட்டியிருந்தால் கொண்டையும் முதுகும் பொசுங்கும். ஆகவே விளக்கைச் சில அங்குலம் உயர்த்தித் தொங்கவிட வேண்டும். இரவில் சிவப்பு விளக்கும் வேண்டாம், நீல விளக்கும் வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு.

செடிகளுக்கு நம் வீட்டு மணி பிளாண்டும் செம்பருத்தியுமே போதும். யேமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும். அதனால் பூச்சிமருந்து பட்ட செடியை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. விரல் பருமனுள்ள கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால்தான் அந்த இடுக்கிக் கால்கள் பற்றிக்கொள்ளும். அடியில் களிமண் உருண்டைகள், அதன் மேல் வலைத்துணி, அதன் மேல் தேங்காய் நார்த்தூள் கலந்த மண் என்று போட்டால் வழியும் நீர் கீழே இறங்கும். நீர் தேங்கி நாறும் தரை, மேலே எவ்வளவு காற்று ஓடினாலும் கூட்டைக் கெடுத்துவிடும்.

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவர்க்கோழி, வளர்ப்புக் கரப்பான், பட்டுப்புழு, கருப்புப் படைவீரன் ஈயின் புழு என்று மாற்றி மாற்றி, வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி. பூச்சிக்கு முதல்நாள் கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்து, டி3 சேராத கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். மாதம் இருமுறை டி3யும் வைட்டமினும் சேர்ந்த பொடி. தின்னாத சுவர்க்கோழியை இரவு கூட்டில் விட்டுவைத்தால் அது தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். தோட்டத்தில் பிடித்த மின்மினியைக் கொடுக்கவே கூடாது. அதன் உடலிலுள்ள நச்சால் பல்லியினங்கள் செத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

பெண் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆண் துணை இல்லாமலேயே பெண் முட்டையிடும். யேமன் பெண் ஒரே ஈட்டில் ஐம்பது, அறுபது முட்டை வரை இடுவதுண்டு. தோண்டிப் புதைக்க ஈர மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்து இறந்துபோகும். ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டி எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும். பெண் தரையில் இறங்கி அலைய ஆரம்பித்தால் கண்ணாடியின் முன்பக்கத்தைத் துணியால் மூடிவிடுவது நல்லது. யாராவது பார்க்கிறார்கள் என்றால் தோண்டியதைப் பாதியில் விட்டுவிடும். இத்தனையும் கவனிக்க முடியாதவர் ஆணையே வாங்கட்டும்.

நிறத்தைப் பார்த்து நலத்தைக் கணிப்பது ஓரளவுக்கு முடியும். பின்னால் இருக்கும் பொருளின் நிறத்தைப் பச்சோந்தி நகல் எடுப்பதில்லை. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாந்தர் பச்சோந்தியின் தோலில் குவானின் நுண்படிகங்களின் அடுக்கைக் காட்டினார்கள். அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கி நின்று நீலத்தைத் திருப்பியனுப்பும். தோலின் மஞ்சளோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரியும். ஆண் சீறும்போது படிகங்கள் விலகி மஞ்சளும் சிவப்பும் ஏறும். ஆகவே கடைக்காரர் காட்டும் கண்ணைப் பறிக்கும் நிறம் பெரும்பாலும் கலவரத்தின் நிறம். உண்மையான ஆபத்து அறிகுறிகள் வேறு: பகலில் கண் மூடிக் கிடப்பது, குழிந்த கண், மூச்சு விடுகையில் தலையை மேலே தூக்குவது, வாயோரத்தில் நுரை. கடைசி இரண்டும் நுரையீரல் தொற்றைக் காட்டுபவை. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு கீழ்ப்பட்டை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வளர்க்க முடியவில்லை என்று வெளியே விட்டுவிடுவது பெருங்கேடு. ஹவாயில் 1972இல் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரர் தருவித்த ஜாக்சன் பச்சோந்திகள் பயணத்தில் நலிந்திருந்தன. தேறட்டும் என்று தோட்டத்தில் விட்டார். அவை பரவி இன்று பல தீவுகளில் இருக்கின்றன. அந்தத் தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்கின்றன. ஃபுளோரிடாவிலும் ஹவாயின் மாவி தீவிலும் யேமன் பச்சோந்தி இப்படியே காடேறியது.

தமிழ்நாட்டு வாசகருக்குச் சட்டமும் பருவநிலையும் குறுக்கே நிற்கின்றன. நம் புதர்க்காடுகளில் வாழும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். விஷம் என்று அஞ்சிக் கல்லெறிவதும் கூடாது. அதற்கு விஷமே கிடையாது. யேமன், பாந்தர் போன்ற வெளிநாட்டு இனங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2022இன் சட்டத் திருத்தமும் 2024இன் விதிகளும் இவற்றை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன. பதிவுச் சீட்டு இல்லாத விலங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மே மாதச் சென்னையில் இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத அறையில் கண்ணாடிக் கூடு வைப்பதென்றால் ஏசி இரவெல்லாம் ஓட வேண்டும். மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடும் வேண்டும். ஊட்டியிலோ டொரன்டோவிலோ இருப்பவருக்கு இந்தக் கூடு பொருந்தும். சமவெளியில் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது.

பொருந்தும் இடத்தில் இருப்பவர் கூட்டை முதலில் வாங்கட்டும், விலங்கை அல்ல. செடி, விளக்கு, டைமர், ஃபாகர் எல்லாவற்றையும் பொருத்தி, மேலே ஒன்று கீழே ஒன்றாக வெப்பமானியும் ஈரப்பதமானியும் வைத்து, இரண்டு வாரம் வெறுங்கூட்டை ஓட்டி, காலை, மதியம், நள்ளிரவு எண்களைத் தாளில் குறித்துப் பார்க்க வேண்டும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்றும் அந்த இரண்டு வாரத்துக்குள் விசாரித்துவிடுங்கள். எண்கள் நிற்கவில்லை என்றாலோ, மருத்துவர் கிடைக்கவில்லை என்றாலோ, செடிகள் வளரும் அந்தக் கூட்டைச் செடிகளுக்கே விட்டுவிடுங்கள், பச்சோந்தியை வாங்காதீர்கள்.